நாங்கள் போகாத வீடுகள்

எங்கள் வங்கிக் கிளையில் இப்போது வேலை பார்க்கும் பிள்ளைகள் என்னைப் பார்த்தால் கேட்பது ஒன்றுதான். "மாரப்பண்ணா, படிப்புக் கடன் குடுக்கறதுக்கு ஊடு ஊடாப் போவீங்களாமா, நெசமாங்க?" அவர்களுக்கு அது வேடிக்கையாக இருக்கிறது. இப்போது விண்ணப்பம் செல்போனில் வருகிறது. மார்க் சீட்டும் அதிலேயே வருகிறது. கடன் கேட்கும் பெண்ணின் முகத்தைப் பார்க்காமலே கொடுத்துவிடுகிறார்கள், அல்லது இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள்.

"ஆமாங்க, போனோம்" என்று சொல்லிச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவது என் வழக்கம். போன மாதம் கோவையில் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அதன் பிறகு அந்தப் பதில் போதாது என்று படுகிறது. எங்கெல்லாம் போனோம் என்பதோடு, எங்கெல்லாம் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். சத்தியமங்கலம் பக்கத்தில் எங்கள் ஊர்க் கிளையில் கூட்டிப் பெருக்கவும் குடிதண்ணீர் பிடித்து வைக்கவும் பகுதி நேர ஆளாகச் சேர்ந்தேன். பல வருடம் கழித்து நிரந்தரமாக்கி பியூன் வேலை கொடுத்தார்கள். சீல் குத்துவது, கடன் காகிதக் கட்டுகளை எடுத்துக் கொடுப்பது, தபால், டீ. முட்டி தேய்ந்துபோய், வயது முடியும் முன்பே விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். பேச்சு எனக்கு எப்போதும் வராது. நாலு பேர் சேர்ந்து நிற்கும் இடத்தில் நான் ஐந்தாவதாக நிற்க மாட்டேன்.

ஸ்டெல்லா மேடம் மேனேஜராக வந்த பிறகுதான் எனக்கு வெளி வேலை வந்தது. அவர் கோவைக்காரர். சத்தமாகப் பேச மாட்டார். எரிச்சல் வந்தால் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைப்பார். கண்ணாடி துடைபடுவதைப் பார்த்தால், கிளையில் எல்லோரும் அவரவர் நாற்காலியில் ஒழுங்காக உட்கார்ந்துவிடுவார்கள். படிப்புக் கடன் கேட்டு யார் வந்தாலும், காகிதம் எல்லாம் சரியாக இருந்தாலும், வீட்டைப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டார். எங்கள் பக்கம் தோட்டத்துக்குள் வீடு கட்டி இருப்பவர்கள் அதிகம். வாய்க்கால் மேட்டில் போய், வாழைக்குள் திரும்பி, மறுபடி ஒரு தடத்தில் இறங்க வேண்டும். வழி காட்ட நான் மொபெட்டில் முன்னால் போவேன். அவர் தன் ஸ்கூட்டரில் பின்னால் வருவார்.

முதல் தடவை கிளம்பும்போது கேஷியர் சொன்னார், "மேடம், மாரப்பண்ணனுக்குப் பதிலா நம்ம பீரோவைக் கூட்டிட்டுப் போலாமுங்க. அதாச்சும் தொறக்கறப்ப கிரீச்சுங்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். மேடமும் சிரித்தார். "அதுக்குத்தானுங்க அவரைக் கூட்டிட்டுப் போறேன். நீங்க வந்தா ஊட்டுக்காரங்க பேச எடம் இருக்காது" என்றார். கேஷியர் அதன் பிறகு என்னை அதிகம் கிண்டல் செய்யவில்லை.

மேடத்துக்கென்று சில முறைகள் இருந்தன. வண்டியைக் கடன்காரர் வீட்டு வாசலில் நிறுத்தக் கூடாது. தள்ளி ஒரு மரத்தடியிலோ கோயில் பக்கத்திலோ நிறுத்திவிட்டு நடந்துதான் போக வேண்டும். பேங்க் வண்டி நின்றது என்று அக்கம்பக்கத்தில் பேச்சு வரக் கூடாது. வெள்ளிக்கிழமை போகக் கூடாது. அன்றைக்குப் பணத்தைப் பற்றிப் பேசினால் எங்கள் பக்கத்தில் வீட்டுப் பெண்களுக்கு முகம் சுருங்கிவிடும். உட்காரச் சொன்னால் உட்கார வேண்டும், மோர் கொடுத்தால் குடிக்க வேண்டும். குடித்து முடித்த பிறகுதான் பேச்சு.

நர்சிங் படிப்புக்குக் கடன் கேட்கிறவர்களிடம் அவர் மூன்று கேள்வி கேட்பார். முதலாவது அப்பாவிடம். படித்து முடித்த முதல் வருடத்தில் மகளுக்கு என்ன சம்பளம் வரும் என்று நினைக்கிறீர்கள்? இரண்டாவது அப்பா அம்மா இருவரிடமும். படிப்பு முடிந்து ஒரு வருடம் தவணை கட்ட வேண்டியதில்லை, ஆனால் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். தவணை ஆரம்பிக்கிற காலத்தில்தான் சம்பளமும் குறைவாக இருக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் இரண்டு வருடம் மகள் சம்பளத்தைத் தொடாமல் இந்த வீட்டை ஓட்ட முடியுமா? மூன்றாவது கேள்வி பெண்ணிடம். அப்பா பக்கத்தில் இல்லாதபோது கேட்பார்.

கேட்டுவிட்டு எல்லோருக்கும் கடன் கொடுத்துவிட மாட்டார். நன்கொடை கட்டித் தனியார் கல்லூரியில் சேருகிறோம் என்று வந்தவர்களிடம், "மூணு வருச டிப்ளமோ படிக்கட்டுமுங்க. செலவு பாதிதான். வேலைக்குச் சேர்ந்த பொறகு மேல படிச்சுக்கலாம்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். கோபப்பட்டுப் போனவர்கள் உண்டு. சிலர் ஆறு மாதம் கழித்து டிப்ளமோவுக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு திரும்பி வந்ததும் உண்டு.

சரண்யா என்ற பெண்ணின் வீட்டை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அவள் அப்பா குப்புசாமி, மல்லிகைத் தோட்டக்காரர். நாங்கள் போன அன்று காலைப் பூவை மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட்டு, கட்டிலில் துண்டை உதறிப் போட்டு எங்களை உட்கார வைத்தார். மகளுக்குக் கவுன்சிலிங்கில் கோவையில் ஒரு தனியார் கல்லூரியில் பி.எஸ்சி. நர்சிங் கிடைத்திருந்தது. நன்கொடை இல்லை. நாலு வருடக் கட்டணமும் விடுதியும் சேர்த்து மூன்று லட்சத்துச் சொச்சம்.

"மொத வருசம் என்ன சம்பளம் வருமுன்னு நெனைக்கறீங்க?" என்று மேடம் கேட்டார்.

"நாப்பதாயிரத்துக்குக் கொறையாதுங்க. வெளிநாடு போனா லட்சமுங்க. காலேஜுலயே சொன்னாங்க."

"பன்னெண்டாயிரமுங்க. அதுலயும் ஹாஸ்டலுக்குன்னு பிடிச்சுக்குவாங்க."

குப்புசாமி சிரித்துவிட்டார். "மேடம் பயமுறுத்தறீங்க. அது நம்ம பூப் பறிக்கற கூலிங்க."

"பயமுறுத்தலீங்க. வெளிநாட்டுக்காரன் ரெண்டு வருச அனுபவம் கேப்பான். அந்த ரெண்டு வருசமும் இந்தச் சம்பளந்தான். தவணை ஆறாயிரத்துக்குப் பக்கம் வரும். மீதி அந்தப் பொண்ணு கைச்செலவுக்கே சரியாப் போயிரும். அந்தக் காசை நீங்க தொடாம இருக்கணுமுங்க. முடியுமா?"

"தொடுவனுங்களா மேடம்? பொண்ணு காசுங்க" என்றார் அவர். பொய்யாகச் சொன்னார் என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை.

சரண்யாவைக் கிணற்றடிப் பக்கம் கூட்டிப் போய் மேடம் மூன்றாவது கேள்வியைக் கேட்டார். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். "உன் எதுக்க ஒருத்தரு வாந்தி எடுக்கறாரு. மொதல்ல என்ன பண்ணுவே கண்ணு?"

இந்தக் கேள்விக்குப் பெரும்பாலான பெண்கள் டாக்டரைக் கூப்பிடுவேன் என்பார்கள், மாத்திரை கொடுப்பேன் என்பார்கள். சரண்யா யோசிக்கவே இல்லை. "தலையைப் பிடிச்சுக்குவேனுங்க" என்றாள்.

திரும்பி வந்த அன்று மாலையே மேடம் கையெழுத்துப் போட்டார். அந்தத் தொகைக்கு அடமானம் எதுவும் வேண்டியதில்லை, அப்பா கையெழுத்துப் போதும்.

கொஞ்ச காலத்தில் மேடம் மாறுதலாகிப் போனார். சில வருடம் கழித்து இரண்டாவது முறையாக எங்கள் கிளைக்கே மேனேஜராக வந்தார். அந்த முறை எங்கள் வெளி வேலை வேறு மாதிரி ஆகியிருந்தது. புதிதாகக் கொடுப்பதைவிட, கொடுத்ததை வாங்கப் போவதுதான் அதிகம். மேலிடத்தில் இருந்து தினமும் போன் வரும். வராக்கடன் வீடுகளுக்கு நானும் அவரும் வாரத்தில் பாதி நாள் போனோம். அதில் நர்சிங் படித்த பெண்களின் வீடுகள் பல. போன இடத்திலெல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். வேலைக்குச் சேர்ந்த ஆஸ்பத்திரியில் சான்றிதழை வாங்கி வைத்துக்கொண்டு, இரண்டு வருடம் விடமாட்டோம் என்கிறார்கள். சம்பளம் கைக்கு வருவதற்குள் கரைந்துவிடுகிறது. சிலருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. கடன் இருப்பதை மாப்பிள்ளை வீட்டில் சொல்லாமல் மறைத்திருப்பார்கள். எங்களைப் பார்த்ததும் பெண்ணின் அம்மா வாசலுக்கே ஓடி வந்து, "மெதுவாப் பேசுங்க மேடம், சம்பந்தி ஊட்டுக்காரங்க உள்ள இருக்காங்க" என்று கையெடுத்துக் கும்பிடும்.

அந்த வராக்கடன் கட்டுகளில் சரண்யாவுடையதும் இருந்தது. ஒரு தவணைகூட வரவில்லை. "இது நான் போட்ட கையெழுத்துங்க மாரப்பன்" என்று மட்டும் மேடம் சொன்னார். மறுநாள் கிளம்பினோம்.

குப்புசாமி எங்களைப் பார்த்ததும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றே பேசினார். "சொசைட்டியில பயிர்க் கடன் தள்ளுபடி ஆச்சுங்களே மேடம். இதையும் தள்ளுபடி பண்ணிருவாங்கன்னு பேசிக்கறாங்க. அதான் சித்த நாள் பொறுத்துப் பாக்கலாமுன்னு."

"அது வேற கடனுங்க. இது வேறங்க. நீங்க பொறுக்கற ஒவ்வொரு மாசமும் வட்டி ஏறுது" என்றார் மேடம்.

அன்றைக்கு சரண்யாவுக்கு வார விடுமுறை. சமையலறையில் இருந்து வெளியே வந்தாள். ஆள் மெலிந்திருந்தாள். அடிக்கடி மருந்து போட்டுக் கழுவிக் கழுவி விரல் முட்டிகளில் தோல் வெடித்திருந்தது. மேடத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "வாங்க மேடம்" என்றாள். அவள் பயப்படாததைப் பார்த்து மேடத்துக்கு ஏதோ புரிந்துவிட்டது. எனக்குப் புரிய இன்னும் கொஞ்ச நேரம் ஆனது.

"எப்படிக் கண்ணு, தவணைக்கு அனுப்ப முடியுதா?"

"அனுப்பறேனுங்களே மேடம். மாசம் ஆறாயிரம். சம்பளம் வந்த அன்னைக்கே அப்பாவுக்குப் போட்டு விட்டுருவேன். அவரு நேர்ல வந்து கட்டறேன்னாரு."

குப்புசாமி தோட்டத்துப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் ஒன்றும் கேட்காமலே சொன்னார், "எண்ணூறு அடிக்குப் போர் போட்டமுங்க மேடம். பொகையாத்தான் வந்துச்சு. செடி காயுதுங்க. தண்ணி வந்திருந்தா ஆறே மாசத்துல மொத்தமாக் கட்டியிருப்பேன்."

தோட்டத்து மூலையில் புதிதாக ஒரு குழாய் தரைக்கு மேல் நீட்டிக்கொண்டு நின்றது. அதன் வாயைச் சாக்கால் கட்டியிருந்தார்கள்.

"எத்தன மாசமுங்கப்பா?" என்றாள் சரண்யா.

அவர் இடுப்பில் இருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார்.

"மொத மாசத்துல இருந்தேங்களா?"

ஆமாம் என்று தலையை அசைத்தார். அவள் எங்கள் முன்னால் இருந்த தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வெகு நேரம் கழித்து டீயோடு வந்தாள். சர்க்கரை போட மறந்திருந்தாள். மேடமும் நானும் குப்புசாமியும் அதைக் குடித்து முடித்தோம். யாரும் சர்க்கரையைப் பற்றிச் சொல்லவில்லை.

மேடம் அங்கேயே கடனைத் திருத்தி அமைப்பது பற்றிச் சொன்னார். தவணையைக் குறைத்து, வருடத்தைக் கூட்டிப் போடலாம். இனிமேல் சரண்யாவின் சம்பளக் கணக்கில் இருந்து நேராகவே பிடித்துக்கொள்ள ஏற்பாடு செய்யலாம். அவள் எல்லாவற்றுக்கும் "சரிங்க மேடம்" என்றாள். எழுந்து வரும்போது மேடம் அவள் தோளைத் தொட்டு, "அப்பாவை ஒண்ணும் சொல்லாதே அம்மணி. தண்ணிக்குத்தான் போட்டாரு" என்றார்.

வண்டி வரைக்கும் அவள் வழியனுப்ப வந்தாள். மேடம் ஸ்கூட்டரை எடுத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். அந்தச் சின்ன நேரத்தில் சரண்யா என்னிடம் சொன்னாள், "அண்ணா, உங்க ஊட்டுல யாராச்சும் நர்சிங் படிக்கறேன்னா, வேண்டாம்னு சொல்லிப்போடுங்க."

என் வீட்டில் ஒருத்தி இருந்தாள். என் மகள் ரேவதி அப்போது பிளஸ் டூ எழுதி முடித்திருந்தாள். அதற்கு முந்தைய வருடம் என் மனைவிக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆனது. வீட்டுக்கு வந்த பிறகு தினமும் புண்ணைத் துடைத்துக் கட்டுப் போட்டது ரேவதிதான். எனக்கு அந்தப் பக்கம் பார்க்கவே முடியாது, வாசலில் நின்றுகொள்வேன். அவள் பள்ளிக்கூடச் சீருடையோடு உட்கார்ந்து, அம்மாவிடம் ஏதோ கதை சொல்லிக்கொண்டே கட்டிவிடுவாள். அப்போதிருந்தே நர்சிங் படிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மார்க்கும் வந்தது. கவுன்சிலிங்கில் தனியார் கல்லூரியில் இடமும் வந்தது. சரண்யா படித்த மாதிரிக் கல்லூரிதான், ஏறக்குறைய அதே கட்டணம். நன்கொடை கிடையாது.

கட்டணம் கட்டுவதற்குச் சில நாள் அவகாசம் இருந்தது. அந்த நாட்களில் நான் தினமும் ஸ்டெல்லா மேடத்தின் மேஜைக்குப் பக்கத்தில்தான் நின்றேன். ஒரு நாள் டீயை வைத்துவிட்டு நகராமல் நின்றுவிட்டேன். அவர் தலை நிமிர்ந்து, "என்னங்க மாரப்பன், ஏதாச்சும் சொல்லணுமா?" என்றார்.

"இல்லீங்க மேடம்" என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன். அவ்வளவுதான்.

கேட்டால் சலுகைக்கு வந்து நிற்கிறான் என்று நினைத்துவிடுவாரோ என்று ஒரு கூச்சம். அதைவிடப் பெரிது வேறு ஒன்று. நாளைக்கு என் வீட்டுக்கும் இரண்டு பேர், வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வருவார்கள். அதில் ஒருவன் என் இடத்துக்கு வந்த பியூனாக இருப்பான்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது ரேவதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் பேசுவதே அபூர்வம் என்பதால் அவளும் என் மனைவியும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். சம்பளம் எவ்வளவு, தவணை எவ்வளவு, வட்டி எப்படி ஏறுகிறது, சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வது, சம்பந்தி வீட்டில் மறைப்பது எல்லாம் சொன்னேன். சரண்யாவின் விரல்களைச் சொன்னேன். அவள் வண்டிக்குப் பக்கத்தில் நின்று சொன்னதையும் சொன்னேன். ஒன்றைக்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை.

"எல்லா நர்சுக்கும் இப்படித்தானுங்களாப்பா?" என்று ரேவதி கேட்டாள்.

"நான் பார்த்ததெல்லாம் இப்படித்தான் கண்ணு."

அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பச் சரிங்கப்பா. வேண்டாம்" என்றாள். அழவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. பக்கத்து ஊர்க் கலைக்கல்லூரியில் பி.காம். சேர்ந்தாள். கடன் எதுவும் வாங்க வேண்டியிருக்கவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. தெருவில் வேறு இரண்டு பேர் தங்கள் பெண்களை நர்சிங் சேர்ப்பது பற்றி, பேங்க் ஆள் என்று என்னிடம் கேட்டார்கள். அவர்களுக்கும் இதையே சொன்னேன்.

இப்போது ரேவதி கோவையில் கட்டிக் கொடுத்த இடத்தில் இருக்கிறாள். மாப்பிள்ளை லேத் பட்டறையில் வேலை. இவள் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பில் போடும் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறாள். சேர்ந்தபோது வாங்கிய சம்பளத்துக்கும் இப்போது வாங்குவதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. குழந்தைக்குப் பால் மாவு வாங்குகிற மாதம் என் பென்ஷனில் இருந்து கொஞ்சம் கொடுப்பேன்.

போன மாதம் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். பகல் ஷிஃப்ட் முடியும் நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்கே போய், அவள் கவுண்டருக்கு எதிரில் பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர், "ஏனுங்க, மாரப்பன்தானுங்களே?" என்றார். ஸ்டெல்லா மேடம். தலை முழுக்க வெளுத்திருந்தது. அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். பிரஷர் பார்க்க வந்தவர், பில் கட்டிவிட்டு மருந்துக்காகக் காத்திருந்தார்.

வீடு, முட்டி வலி, அவர் பங்குக் கோயிலில் தினமும் பூசைக்குப் போவது எல்லாம் பேசினோம். பிறகு அவர் கவுண்டரைக் காட்டி, "அந்தப் பொண்ணைப் பாருங்க" என்றார். "சித்த முந்தி வரிசையில ஒரு பெரியவரு தலை சுத்திக் கீழ சாஞ்சுட்டாரு. பில்லு போட்டுட்டு இருந்தவ நாக்காலியத் தள்ளிட்டு ஓடியாந்து, கழுத்துக்குக் கையக் குடுத்துப் பிடிச்சா. நர்சு பொறகுதான் வந்தாங்க. இவ பில்லு போடற ஆளே இல்லீங்க. நர்சிங் படிச்சிருக்கணும்."

"என்ற பொண்ணுங்க மேடம்" என்றேன்.

"அப்படியாங்க? படிக்க வெச்சிருக்கலாமுல்ல?"

"படிக்கறேன்னுதானுங்க சொன்னா. எடமும் கெடச்சுதுங்க. நாந்தானுங்க வேண்டாம்னுட்டேன்."

"ஏனுங்க?"

"உங்ககூட வந்து பார்த்தனுங்களே மேடம். எத்தன ஊடு."

மருந்துக் கவுண்டரில் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்து போகவில்லை.

"மாரப்பன், ஒழுங்காத் தவணை கட்டுனவங்க ஊட்டுக்கு நாம என்னைக்காச்சும் போயிருக்கமாங்க?"

யோசித்தேன். வாய்க்கால் மேடு, வாழைத் தோப்பு, சர்ச்சுக்குப் பின்னால் இருந்த லைன் வீடு, ஒவ்வொன்றாக மனசில் போய் வந்தேன்.

"இல்லீங்க மேடம்."

"அவங்க ஊட்டுக்கு எதுக்குங்க போறோம்? பணந்தான் மாசா மாசம் தானா வந்துருமே. கட்டி முடிச்சவங்க சத்தமில்லாம போயிருவாங்க. வராத ஊட்டுக்குத்தான் நாம போனோம். நீங்க அதை மட்டுந்தான் பார்த்தீங்க."

"சரண்யாவே எங்கிட்ட வேண்டாம்னு சொன்னாளுங்க."

"அன்னைக்கு அவ வேற என்னங்க சொல்லுவா? ஆனா அவ சம்பளம் பத்தாமயா தவணை நின்னுச்சு? அவ மாசந்தவறாம குடுத்தா. போருக்குப் போச்சு. அது நர்சிங் படிச்சதால வந்த வெனை இல்லீங்களே." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார். "அவ எப்பவோ கட்டி முடிச்சுட்டா. மஸ்கட்டுல இருக்கா. கிறிஸ்மசுக்கு எனக்கு மெசேஜ் போடுவா. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. நிலுவையில் இருக்கும் கட்டு என் கை வழியாகத்தான் போகும். முடிந்த கட்டு அப்படியே மேலே போய்விடும்.

"எல்லாருக்கும் நல்லா வந்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேனுங்க" என்றார் மேடம். "இன்னும் வட்டியே கட்டிட்டு இருக்கறவங்க இருக்காங்க. கல்யாணம் ஆகி வேலையை விட்டவங்க இருக்காங்க. அதைப் பிரிச்சுப் பாக்கத்தானே ஊடு ஊடாப் போனோம். உங்க ஊட்டுல நெரந்தரமான சம்பளம் வந்துச்சு. ரெண்டு வருசம் புள்ள காசைத் தொட வேண்டிய அவசியமில்லை. அந்தப் புள்ளைக்குக் கை எப்படின்னு இப்பப் பார்த்தேன். நான் ஒரு நிமிசங்கூட யோசிச்சிருக்க மாட்டேன். எங்கிட்ட ஒரு வார்த்தை ஏனுங்க கேக்கல?"

ஊரில் உள்ள பெண்களுக்கெல்லாம் கணக்குப் பார்த்துச் சொன்னவருக்குப் பக்கத்தில், வருடக்கணக்காக டீ டம்ளரோடு நின்றிருக்கிறேன். அவர் கேட்கும் மூன்று கேள்வியும் எனக்கு மனப்பாடம். அவற்றை என் வீட்டில் உட்கார்ந்து நானே கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் மூன்றுக்கும் பதில் சரியாகத்தான் வந்திருக்கும். நான் கேள்வியை விட்டுவிட்டு வீடுகளை எடுத்துக்கொண்டேன்.

மேடம் மருந்தை வாங்கிக்கொண்டு, "வெசனப்படாதீங்க, நல்ல புள்ளயா வளத்தியிருக்கீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரேவதி வேலை முடிந்து பையை மாட்டிக்கொண்டு வந்தாள். "யாருங்கப்பா அந்தம்மா? ரொம்ப நேரம் பேசிட்டு இருந்தீங்க. நீங்க இவ்வளவு நேரம் பேசி நான் பார்த்ததே இல்ல" என்று சிரித்தாள்.

சொல்லாமல் விட்டிருக்கலாம். பஸ் ஸ்டாப் வரைக்கும் அதைத்தான் யோசித்துக்கொண்டு நடந்தேன். அன்றைக்கு அவ்வளவையும் சொன்னவன், இதை மட்டும் மறைப்பது சரியில்லை என்று தோன்றியது. நிழற்குடையில் நின்றுகொண்டு மேடம் சொன்னதை அப்படியே சொன்னேன். நாங்கள் போகாத வீடுகளைப் பற்றிச் சொன்னேன். மேடம் கையெழுத்துப் போட்டிருப்பார் என்பதையும் சொன்னேன்.

"அந்த சரண்யாக்கா கடனைக் கட்டி முடிச்சுட்டாங்களா?" என்று கேட்டாள்.

"முடிச்சிருச்சாமா. மஸ்கட்டுல இருக்குதாமா."

ரோட்டில் போகும் வண்டிகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் அப்ப டீச்சர்கிட்டக் கேட்டேனுங்கப்பா. கோபியில நர்சா இருந்த ஃபிரண்டோட அக்காகிட்டயும் போன்ல கேட்டேன். கஷ்டந்தான், ஆனாப் படின்னாங்க. ரெண்டு பேரும் ஏதோ வாய்க்குச் சொல்றாங்கன்னு நெனச்சுட்டேன். நீங்கதான் ஊடு ஊடாப் போயிக் கண்ணால பார்த்தவரு. அதனால உங்களைத்தான் நம்புனேன்."

அவள் குரலில் குற்றம் சொல்வது எதுவும் இல்லை. நடந்ததைச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

டவுன் பஸ் வந்தது. பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. எனக்கு மட்டும் ஒரு டிக்கெட் வாங்கி என் கையில் கொடுத்துவிட்டு, ரேவதி முன்னால் பெண்கள் பக்கம் போய் நின்றுகொண்டாள்.